யாழ் நூலை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்? விபுலானந்த அடிகளின் எழுத்து வரிசையும் நரம்புக் கணக்கும்

ஏடுபுரட்டி:
விபுலானந்த அடிகளின் எழுத்து வேதாந்தம், கவிதை, நாடகம், கலைச்சொல், இசை என்று நாலாபுறமும் சிதறிக் கிடக்கிறது. ஒரு வரிசை பிடித்துப் படிக்க வேண்டும். வழக்கமான சிக்கல், பழந்தமிழ் இசையையும் யாழ்க் கருவியையும் ஆராயும் யாழ் நூலில்தான். பாயிரவியல், யாழுறுப்பியல் வரை போகிறது, இசை நரம்பியலில் வண்டி நின்றுவிடுகிறது.

இப்போதைய முட்டுக்கட்டை இது. ஏழு நரம்புக்கும், அதாவது ஏழு சுரத்துக்கும், அலகு (சுருதி இடைவெளியின் சிற்றளவு) சொல்லியிருக்கிறது. குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, ஆக 22 அலகு. குரலை 0 என்று வைத்து மேலே அடுக்கினால் துத்தம் 4, கைக்கிளை 8, உழை 11, இளி 13, விளரி 17, தாரம் 20. உழை 11-இல் விழுந்தால் அது பிரதி மத்திமம், அதாவது கல்யாணி. செம்பாலை என்ற பழந்தமிழ்ச் சுர அடுக்கு அரிகாம்போதி இராகம் என்றல்லவா எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது? கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. பிழை எங்கே?

நரம்புக்கட்டு:
கூட்டலில் பிழை இல்லை, திசையில்தான். ஒரு நரம்புக்குச் சொன்ன அலகு, அந்த நரம்புக்குக் கீழே உள்ள இடைவெளி. "துத்தம் 4" என்றால் குரலிலிருந்து துத்தத்துக்கு ஏற 4. நீங்கள் துத்தத்திலிருந்து கைக்கிளைக்கு ஏற 4 என்று வைத்துவிட்டீர்கள். திருப்பி அடுக்குங்கள்:

குரல் 0
துத்தம் 4
கைக்கிளை 7
உழை 9
இளி 13
விளரி 16
தாரம் 18
மேல் குரல் 22

இப்போது 9-இல் சுத்த மத்திமம், 13-இல் பஞ்சமம், 18-இல் கைசிகி நிஷாதம். அரிகாம்போதி வந்துவிட்டது.

ஏடுபுரட்டி:
சரி. ஆனால் கீழே எண்ணு என்று எங்கே சொல்லியிருக்கிறது? அரிகாம்போதி வர வேண்டும் என்பதற்காகவே திசையை மாற்றியது போல் அல்லவா இருக்கிறது?

நரம்புக்கட்டு:
நியாயமான கேள்வி. விடை அலகுப் பாட்டில் இல்லை, வட்டப்பாலையில் இருக்கிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் 12 இராசிக் கட்டத்தில் 7 நரம்பையும் நிறுத்துகிறார்கள். துலாத்தில் குரல், தனுசில் துத்தம், கும்பத்தில் கைக்கிளை, மீனத்தில் உழை, இடபத்தில் இளி, கடகத்தில் விளரி, சிங்கத்தில் தாரம்.

ஒரு தாளில் கட்டம் போட்டு எண்ணிப் பாருங்கள். துலாத்திலிருந்து தனுசு 2 வீடு, கும்பம் 2, மீனம் 1, இடபம் 2, கடகம் 2, சிங்கம் 1, திரும்பத் துலாம் 2. ஆக 2 2 1 2 2 1 2. ஒரு வீட்டை அரைச்சுரம் என்று கொண்டால் அச்சு அசலாக அரிகாம்போதி. அலகைக் கீழ்நோக்கி எண்ணினால் மட்டுமே இந்தக் கட்டத்தோடு ஒத்துவரும். மேல்நோக்கி எண்ணினால் கைக்கிளைக்கும் உழைக்கும் நடுவில் 3 அலகு வருகிறது, கட்டத்திலோ அங்கே ஒரே வீடு. இரண்டு தனித்தனிச் சான்று ஒரே இடத்தில் வந்து முட்டுவதால்தான் இதை நம்பலாம்.

பதவுரை:
இதோடு பாலைத்திரிபையும் முடித்துவிடுங்கள், ஒரே கட்டம்தான். எந்த நரம்பைக் குரலாகக் கொள்கிறோமோ அந்த வீட்டிலிருந்து சுற்றினால் போதும்.

குரல் குரலானால் செம்பாலை, அரிகாம்போதி. துத்தம் குரலானால் படுமலைப்பாலை, நடபைரவி. கைக்கிளை குரலானால் செவ்வழிப்பாலை, இதில் பஞ்சமமே இல்லை, மத்திமம் இரண்டு. உழை குரலானால் அரும்பாலை, சங்கராபரணம். இளி குரலானால் கோடிப்பாலை, கரகரப்பிரியா. விளரி குரலானால் விளரிப்பாலை, தோடி. தாரம் குரலானால் மேற்செம்பாலை, கல்யாணி.

ஏடுபுரட்டி ஐயாவுக்கு முதலில் கல்யாணி கிடைத்ததும் காரணமில்லாமல் இல்லை. திசையைத் தலைகீழாக்கியதால் மேற்செம்பாலையின் வீட்டு வரிசையில் போய் இறங்கிவிட்டார்.

கிளைநரம்பு:
எல்லாம் சரி, குரலைச் சட்சம் என்று யார் முடிவு செய்தது? வடமொழி இசைநூல்களின் அடிப்படைச் சுர வரிசையான சட்ஜ கிராமத்தில் ச 4, ரி 3, க 2, ம 4, ப 4, த 3, நி 2. நம் வரிசையை அதன் மேல் வைத்துப் பாருங்கள். மத்திமத்திலிருந்து தொடங்கினால் 4 4 3 2 4 3 2, எழுத்துக்கு எழுத்து பொருந்தும். குரல் மத்திமம், துத்தம் பஞ்சமம், கைக்கிளை தைவதம், உழை நிஷாதம், இளிதான் சட்சம். இசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரத்தில் குரல் சட்சம் என்று எழுதியதால் அதுவே வேதவாக்கு ஆகிவிடாது.

பதவுரை:
இந்தச் சண்டைக்கு நூறு வயதாகிவிட்டது. ஆனால் இதில் முக்கால்வாசி பெயர்ச் சண்டை. குரலை ம என்றாலும் ச என்றாலும் நரம்புகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி ஒரு மயிரிழையும் மாறுவதில்லை. நீங்கள் சொல்லும் ஒப்பீட்டில் இளியிலிருந்து சுற்றினால் கரகரப்பிரியா வரும், அது கோடிப்பாலை. குரலிலிருந்து சுற்றினால் பழையபடி அரிகாம்போதி. வேறுபடுவது எது ஆதார சுருதி என்பது மட்டுமே. பண்களுக்கு இராகம் காட்டும்போது அது பெரிய வேறுபாடுதான், மறுக்கவில்லை. இசை நரம்பியலைப் படிக்கும் கட்டத்தில் அதை இழுத்துக்கொண்டால் புத்தகம் மூடிவிடும்.

குழப்பம் வராமல் இருக்க ஒரு வழி. முதல் வாசிப்பில் ச ரி க ம என்றே எழுதாதீர்கள். கு து கை உ இ வி தா என்று எழுதிக்கொண்டு போங்கள்.

நரம்புக்கட்டு:
வழிமொழிகிறேன். கூடவே ஒரு சோதனை செய்யுங்கள். யாழில் வீணையைப் போல் விரலை அழுத்தும் மெட்டு கிடையாது, நரம்புக்கு ஒரு சுரம்தான். பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று நரம்பைத்தான் எண்ணிச் சொல்கிறார்கள். வீணையில் விரலை இழுத்துச் சரிக்கட்டுவது போல இங்கே முடியாது, கட்டும்போதே சுருதி நிற்க வேண்டும். அதனால்தான் இந்த நூலில் கணக்கு இவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது. 1920-இல் லண்டன் பல்கலைக்கழக அறிவியல் பட்டம் பெற்றவர் எழுதிய நூல் என்பதை மறக்க வேண்டாம்.

நரம்பின் பருமனும் இழுவிசையும் ஒன்றே என்று வைத்து, குரலுக்கு 90 செ.மீ. நீளம் கொண்டால்:

துத்தம் 80
கைக்கிளை 72
உழை 67.5
இளி 60
விளரி 54
தாரம் 50.6
மேல் குரல் 45

4 அலகுக்கு 9:8, 3 அலகுக்கு 10:9, 2 அலகுக்கு 16:15 என்ற விகிதத்தில் போட்ட கணக்கு இது. ஏழு நரம்பு கட்ட வேண்டாம், ஒற்றைக் கம்பியும் அதைத் தாங்கி நகரும் குதிரையும் போதும்.

ஏடுபுரட்டி:
இளிக்கிரமமாக, அதாவது ஐந்தாம் நரம்பாகத் தாவித் தாவிச் சுருதி சேர்க்கும் முறையும் இருக்கிறதே. தாரத்தில் உழை, உழையில் குரல், குரலில் இளி, இளியில் துத்தம் என்று. அந்த வழியில் போனாலும் இதே நீளம்தான் வருமா?

நரம்புக்கட்டு:
துத்தம் வரைக்கும் வரும். அதற்கு மேல் வராது. இந்த இழையில் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான்.

கிளை, அதாவது ஐந்தாம் நரம்பு, என்றால் 13 அலகு. ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தாரம்–உழை 13, உழை–குரல் 13, குரல்–இளி 13, இளி–துத்தம் 13. அடுத்து துத்தம்–விளரி: 3+2+4+3, 12 தான்! ஒன்று குறைகிறது. அதற்கடுத்த விளரி–கைக்கிளை மறுபடி 13. கைக்கிளை–தாரம் 11, அதைக் கிளைக் கணக்கில் சேர்க்கவே முடியாது, செவ்வழிப்பாலையில் பஞ்சமம் இல்லாமல் போவதும் அதனால்தான்.

எனவே காதால் சுத்தமாகச் சேர்த்துக்கொண்டே போனால் விளரி 54 செ.மீ.யில் நிற்காது, 53.3-இல் போய் நிற்கும். ஏறக்குறைய 7 மி.மீ. வித்தியாசம். சுருதியில் சுமார் 22 சென்ட் (அரைச்சுரம் 100 சென்ட்), பழகாத காதுக்கும் தெரியும்.

கிளைநரம்பு:
இதன் விளைவையும் சொல்லிவிட வேண்டும். படுமலைப்பாலையில் துத்தம்தான் குரல், அதற்கு இளியாக நிற்பது விளரி. 54 செ.மீ. விளரியை வைத்துக்கொண்டு படுமலை வாசித்தால் பஞ்சமம் தொய்ந்து கேட்கும். பாலை திரிப்பது வெறும் தொடக்க நரம்பை மாற்றுவதுதான் என்று எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாளில் திரிந்துவிடும். நரம்பில் திரிய வேண்டுமானால் திவவையோ (நரம்பை இறுக்கும் வார்க்கட்டு) ஆணியையோ தொட்டே ஆக வேண்டும்.

பதவுரை:
ஆபிரகாம் பண்டிதர் கட்சியை இந்த இடத்தில் பார்த்தால்தான் அதன் வலு தெரியும். 12 இராசிக்கு வீட்டுக்கு 2 என்று 24 அலகு அவருக்கு. வட்டப்பாலையை அப்படி எண்ணினால் 4 4 4 2 4 4 2. நம் 4 4 3 2 4 3 2-உடன் ஒப்பிட்டால் கைக்கிளையிலும் விளரியிலும் மட்டும் ஒவ்வொன்று கூடுகிறது. துத்தத்தோடு சேர்வதற்காக விளரியை ஏற்றினால், விளரியோடு சேரக் கைக்கிளையையும் ஏற்றியாக வேண்டும். 22-ஆ 24-ஆ என்ற சண்டை முழுவதும் இந்த 2 நரம்பின் தலையில்தான் விடிகிறது. மற்ற 5 நரம்பு பற்றி இரு கட்சிக்கும் தகராறே இல்லை.

உப்போடைக் காற்று:
நரம்பைப் பற்றியே கதைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கேட்டவர் வாசிப்பு வரிசையும் கேட்டவர்தானே. ஆளையும் கொஞ்சம் பார்ப்போம்.

1892-இல் காரைதீவில் பிறப்பு, இயற்பெயர் மயில்வாகனம். உ.வே.சா.வின் சிலப்பதிகாரப் பதிப்பு வெளிவந்ததும் அதே 1892 தான்! 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்வு. 1920-இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர். 1922-இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடம், 1924-இல் துறவு. மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயம். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1939-இல் இமயத்து மாயாவதியில் பிரபுத்த பாரத இதழின் ஆசிரியர். 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். யாழ் நூல் அரங்கேற்றம் 1947 ஜூன் மாதம், திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில். அடுத்த மாதம், ஜூலை 19, மறைவு.

தேடும்போது சறுக்கும் இடங்கள்:

பெயர். விபுலானந்தர், விபுலாநந்தர், விபுலானந்த அடிகள், விபுலாநந்த சுவாமிகள் என்று நாலு விதமாகவும் தேடவேணும். துறவுக்கு முந்திய எழுத்து மயில்வாகனனார் பெயரில் இருக்கும். 1922-க்கும் 1924-க்கும் நடுவில் பிரபோத சைதன்யர். ஒரே பெயரில் தேடிவிட்டு "முதல் பத்தாண்டில் ஒன்றும் எழுதவில்லை" என்று முடிவு கட்டக் கூடாது.

இதழ். கட்டுரைகள் பல செந்தமிழ், தமிழ்ப்பொழில், கலைமகள் இதழ்களில் வந்தவை. தமிழ்ப்பொழிலில் தொகுதிக்குத் துணர் என்றும் இதழுக்கு மலர் என்றும் பெயர். அட்டவணையில் "துணர்" என்று கண்டால் அது தலைப்பு அல்ல.

ஆண்டு. தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குகிறது. விய ஆண்டு மாசி இதழ் என்றால் 1946 அல்ல, 1947. மேற்கோளில் ஓராண்டு பிசகுவது பெரும்பாலும் தை, மாசி, பங்குனி இதழ்களில்தான்.

இலங்கைப் பதிப்புகளுக்கு "நூலகம்" என்ற மின்னூலகத்தை முதலில் பாருங்கள். அருள் செல்வநாயகம் தொகுத்த கட்டுரைத் தொகுதிகளில் இதழ்க் கட்டுரைகள் கணிசமாக உண்டு. ஆனால் தொகுதியை வைத்து ஆண்டு குறிக்கக் கூடாது, முதலில் வந்த இதழைத் தேடிப்பிடித்துத்தான் குறிக்கவேணும்.

ஏடுபுரட்டி:
மிக்க நன்றி ஐயா. அப்படியானால் எதிலிருந்து? மதங்க சூளாமணியா, வேதாந்த மொழிபெயர்ப்பா?

உப்போடைக் காற்று:
மதங்க சூளாமணி. 1926, மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடு. மூன்றே இயல்: உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல். சேக்சுபியர் நாடகம் 12 எடுத்துத் தமிழ்நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்க்கிறார், ஒழிபியலில் தனஞ்சயனின் தசரூபகத்தையும் கொண்டுவருகிறார். அளவில் சிறியது, முறை தெளிவாகத் தெரியும்.

அதன் இயற்பெயர்களை யாழ் நூலின் ஏழோடும் வைத்துப் பாருங்கள்: பாயிரவியல், யாழுறுப்பியல், இசை நரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல். இரண்டிலும் உறுப்பு முன்னால், ஒழிபு கடைசியில். கருவியானாலும் நாடகமானாலும் முதலில் கழற்றிப் போட்டு உறுப்புக்குப் பெயர் சொல்வார், பிறகு பொருத்துவார், மிஞ்சியதை ஒழிபில் வைப்பார். அறிவியல் ஆசிரியரும் தொல்காப்பியம் படித்த பண்டிதரும் ஓராளாக இருந்தால் நூல் இப்படித்தான் அமையும். 1936-இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்ததும் இந்தக் குணத்தோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது.

அதன்பின் ஆங்கிலவாணி, மேற்றிசைச் செல்வம் போன்ற கட்டுரைகள். பிறகு யாழ் நூல்.

சிற்றம்பலம்:
சமயத்தை அப்படியே விட்டுவிட்டீர்களே. ஞானயோகம், கருமயோகம் என்று விவேகானந்தரைத் தமிழாக்கியவர், இராமகிருஷ்ண விஜயம் இதழை நடத்தியவர். அதை ஒதுக்கிவிட்டு இசை ஆய்வாளர் என்று மட்டும் படிப்பது பாதி ஆளைப் படிப்பது.

பதவுரை:
ஒதுக்கவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பில் தொடங்கினால் நடை விவேகானந்தருடையதா அடிகளுடையதா என்று பிரித்தறிய முடியாது. அவருடைய சமயம் அவர் கையெழுத்தாகவே தெரியும் இடம் பாட்டு. "வெள்ளைநிற மல்லிகையோ" எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பூ இறைவனுக்கு உகந்தது என்று கேள்வி, அந்தப் பூ எதுவுமில்லை, உள்ளக் கமலம் என்று விடை. கேள்வி, மறுப்பு, விடை என்ற இந்த அடுக்கு வேதாந்தப் பாடஞ்சொல்லும் முறையேதான். சொற்கள் மட்டும் நாட்டுப்புறப் பாட்டுப்போல் எளிமை. மட்டக்களப்பில் அவர் சமாதியில் பொறித்திருப்பதும் இந்தப் பாட்டுத்தான்.

தத்துவத்துக்கும் கலைக்கும் நடுவில் பாலம் வேண்டுமானால் நடராச வடிவம் பற்றி எழுதியதைப் படியுங்கள். யாழ் நூலிலேயே தேவாரவியல் தனி இயலாக நிற்கிறது. அதை இசைக் கணக்கின் பிற்சேர்க்கையாக நினைத்துக் கடந்துவிட வேண்டாம்.

கிளைநரம்பு:
தேவாரவியலுக்குள் போகும் முன் ஓர் எச்சரிக்கை. பாலைப் பெயரும் பண்பெயரும் ஒன்றுபோல் இருக்கும், ஒன்றாக்கிவிடக் கூடாது. செவ்வழிப்பாலையில் பஞ்சமம் இல்லை என்று மேலே கண்டோம். செவ்வழிப் பண்ணை ஓதுவார்கள் பாடுவதோ யதுகுலகாம்போதியில், அதில் பஞ்சமம் தாராளமாக உண்டு. இந்தளம் மாயாமாளவகௌளையில் பாடப்படுகிறது, ஏழு பாலையில் எதைத் திரித்தாலும் மாயாமாளவகௌளை வராது. காந்தாரம், கொல்லி இரண்டும் நவரோசு என்கிறார்கள், ஒரே இராகத்துக்கு இரண்டு பண் எதற்கு?

ஆக இன்றைய ஓதுவார் வழக்கு ஒரு சான்று, இலக்கணக் கணக்கு இன்னொரு சான்று. ஒன்றை வைத்து மற்றதைத் திருத்தக் கூடாது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, முரண்படும் இடத்தில் குறி போட்டுக்கொண்டு போவது நல்லது. சம்பந்தரின் "கொட்டமே கமழும் கொள்ளம்பூதூர்" பதிகத்தில் தொடங்கலாம், பண் காந்தாரபஞ்சமம். யாழ் நூல் அரங்கேறிய ஊரின் பதிகமும் அதுவே.

ஏடுபுரட்டி:
கடைசியாக ஒன்று. ஒற்றைக் கம்பிச் சோதனையில் 54, 53.3 இரண்டிலும் குதிரை வைத்துப் பார்த்தால் இரண்டுமே சற்று ஏறிக் கேட்கிறது. அளவு சரியாகத்தான் இருக்கிறது.

நரம்புக்கட்டு:
குதிரை உயரம் அதிகம். கம்பியைத் தூக்கிப் பிடித்தால் இழுவிசை கூடும், சுருதி ஏறும். கம்பியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் உயரத்துக்குக் குதிரையை இழைத்துக்கொள்ளுங்கள், மேலிருந்து விரலால் அழுத்தவும் கூடாது. நீளத்தை ஆணியிலிருந்து அளக்காமல், கம்பி அதிரத் தொடங்கும் விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளக்க வேண்டும். இந்த இரண்டிலேயே 3, 4 மி.மீ. போய்விடும், நாம் தேடுவதோ 7 மி.மீ.

ஒப்பிட இன்னொரு கம்பி கட்டாயம் வேண்டும். குரல் வினாடிக்கு 120 அதிர்வு என்று வைத்தால் துத்தம் 135, உழை 160. 54 செ.மீ. விளரி 200, 53.3 செ.மீ. விளரி 202.5. முதல் விளரியைத் துத்தத்தோடு சேர்த்து மீட்டினால் வினாடிக்கு 5 முறை அலை அடிக்கும் (ஒலி கூடிக் குறையும்), இரண்டாவதில் அலையே இருக்காது. அதே இரண்டையும் உழையோடு மீட்டுங்கள். முதலாவது அலையின்றி ஒட்டும், இரண்டாவது வினாடிக்கு 10 முறை அடிக்கும். துத்தத்துக்கு விளரி கிளை, உழைக்கு அது மூன்றாம் நரம்பு, அதாவது பகை. பகைக்கு ஒட்டுகிற விளரி கிளைக்கு ஒட்டவில்லை. இதைக் காதால் கேட்டபின் இசை நரம்பியலை மறுபடி எடுங்கள்.

ஏடுபுரட்டி:
குதிரையை இழைத்தாயிற்று. 5 அலை தெளிவாகக் கேட்கிறது. உழையோடு 10-ஐ எண்ண முடியவில்லை, வெறும் கரகரப்பாகத்தான் இருக்கிறது.

நரம்புக்கட்டு:
10 கேட்க வேகம் அதிகம். குரலை 60-க்கு இறக்குங்கள், 5 ஆகிவிடும். அதே கம்பியைத் தளர்த்தினால் தொய்ந்துபோகும், தடித்த கம்பி போடுங்கள்.